மலை ஏறும்போது ட்ராக்‌ஷன் லைட் எரிந்து வண்டி இழுக்காமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், கோத்தகிரி ஏறும் வழியிலும், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியிலும் ஓரங்கட்டி நிற்கும் கார்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது: மீட்டரில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் லைட் (சக்கரம் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலின் லைட்) எரிந்தது, அதோடு பிக்கப்பும் போய்விட்டது. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி பதில்களைத் தொகுத்திருக்கிறோம். ஒவ்வொரு மாடலிலும் அளவுகள் கொஞ்சம் மாறும். சந்தேகம் வந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த லைட் எரிந்தாலே கோளாறுதானா?

இல்லை. அது எப்படி எரிகிறது என்று பாருங்கள். விட்டு விட்டு மின்னினால் சிஸ்டம் வேலை செய்கிறது என்று அர்த்தம். எஸ்டேட் ரோட்டின் சேற்றிலோ, மழையில் நனைந்த இலைச் சருகின் மேலோ ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால், சிஸ்டம் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து, இன்ஜின் பவரையும் குறைக்கும். அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வண்டி கேட்காது. பலர் இதைத்தான் ‘திடீரென்று பவர் போய்விட்டது’ என்கிறார்கள். சறுக்கல் நின்றதும் லைட் தானாக அணைந்து பவர் திரும்பிவிட்டால் வண்டியில் ஒரு குறையும் இல்லை; டயரின் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் வரிகள்) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

‘ஆஃப்’ என்ற எழுத்தோடு எரிந்தால் யாரோ ட்ராக்‌ஷனை ஆஃப் செய்யும் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் சில நொடி எரிந்து அணைவது பல்பு சோதனை. காய்ந்த ரோட்டில், நேராகப் போகும்போது, அணையாமல் நிலையாக எரிந்தால்தான் கோளாறு. இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் இன்ஜின் இழுக்காததற்கும் என்ன சம்பந்தம்?

ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று தனியாகப் பெரிய கருவி எதுவும் கிடையாது. அழுத்தி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். யூனிட்டின் நான்கு வீல் சென்சார்கள், அதன் பிரேக் வால்வுகள், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார், பிரேக் மிதி ஸ்விட்ச் எல்லாவற்றையும் கடன் வாங்கித்தான் அது ஓடுகிறது. சக்கரம் சறுக்கும்போது ‘பவரைக் குறை’ என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டியது அதன் வேலை.

இன்ஜின் பக்கம் த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) கோளாறோ, மிஸ்ஸிங்கோ (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது), டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் கருவி) காற்றுக் குறைவோ வந்தால், இன்ஜின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக பவரைக் கட்டிப்போடும். இதுதான் லிம்ப் மோடு. அப்போது ‘இனி நீ கேட்கும்படி பவரை ஏற்றி இறக்க என்னால் ஆகாது’ என்று ஏ.பி.எஸ். யூனிட்டுக்கும் சேதி போகும். உடனே அது ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை நிறுத்தி லைட்டைப் போடுகிறது. ஆக, பவர் போனதால்தான் பெரும்பாலும் லைட் எரிகிறது. லைட் எரிந்ததால் பவர் போகவில்லை. டொயோட்டா வண்டிகளில் இதற்கென்றே ஏ.பி.எஸ். பக்கம் சி 1201 என்ற கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) பதிவாகும். ‘இன்ஜின் பக்கம் போய்ப் பார்’ என்பதுதான் அதன் பொருள். அதைப் பார்த்துவிட்டு வீல் சென்சாரை மாற்றினால் காசு போவதுதான் மிச்சம்.

அப்படியானால் கோளாறு எந்தப் பக்கம் என்று ரோட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட எரியும் லைட்டுகளைப் பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவியை ஆஃப் பண்ணினால் சாட்சி போய்விடும்.

செக் இன்ஜின் லைட்டும் ட்ராக்‌ஷன் லைட்டும் சேர்ந்து எரிந்து பிக்கப் போனால் கோளாறு இன்ஜின் பக்கம். ஏ.பி.எஸ். லைட்டும் ட்ராக்‌ஷன் லைட்டும் மட்டும் எரிந்து, இழுவையில் குறை இல்லாவிட்டால் வீல் சென்சார், அதன் வயர், பேரிங். ஸ்டீயரிங் லைட்டும் சேர்ந்து, பொங்கல் சீரியல் செட் மாதிரி எல்லாமே ஒரே நேரத்தில் எரிந்தால் முதலில் பேட்டரியையும் எர்த்தையும் பாருங்கள். ட்ராக்‌ஷன் லைட் மட்டும் தனியாக எரிந்தால் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் அல்லது பிரேக் ஸ்விட்ச் மேல் சந்தேகம் வரவேண்டும்.

செக் இன்ஜின் லைட் நிலையாக இல்லாமல் மின்னினால் அது மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டெரிக்கும். அந்த நிலையில் ‘எப்படியாவது குன்னூர் போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று ரேஸ் பண்ணி ஏற்றாதீர்கள். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயிலோடு முடியவேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போகும்.

ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் பவர் போய்விட்டது. முதலில் என்ன செய்யவேண்டும்?

லிம்ப் மோடில் இன்ஜின் நின்றுவிடாது, வேகம்தான் ஏறாது. முதல் கியருக்கு மாற்றி, ஹசார்டு லைட்டைப் போட்டு, வளைவைத் தாண்டி நேரான இடம் வரும்வரை ஊர்ந்து போய்விடுங்கள். வளைவுக்குள்ளே நின்றால் மேலிருந்து வரும் பஸ் அகலமாகத் திரும்ப இடம் இருக்காது. நியூட்ரலில் விட்டுப் பின்னால் உருட்டி ஓரங்கட்டும் வேலை வேண்டாம். இன்ஜின் முழுவதும் நின்றுபோனால் பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வாக்கம் (வெற்றிட இழுவிசை) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும்; அதற்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகும். ஸ்டீயரிங்கும் கனக்கும்.

நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக், முதல் கியர். மலைச்சுவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்து வையுங்கள். தப்பித்தவறி உருண்டாலும் பின்புறம் சுவரில் முட்டி நிற்கும். பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். மலை ரோட்டில் இரவில் பைக்காரர்களைக் கவிழ்ப்பதில் இப்படி விட்டுப்போன கற்களுக்குப் பங்கு உண்டு.

பிறகு டெம்பரேச்சர் முள்ளையும் ஆயில் லைட்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்று சிவப்பென்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவேண்டாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் அழுத்தம்தான் அதைக் கொதிக்கவிடாமல் வைத்திருக்கிறது. திறந்த கணத்தில் முகத்துக்குப் பொங்கும்.

ஆஃப் பண்ணி இரண்டு நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர அந்த வழியைப் பயன்படுத்தலாம். கோளாறு போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. லிம்ப் மோடு பல வண்டிகளில் சாவியை ஆஃப் பண்ணும்வரை பிடித்து வைத்திருக்கும். மறுபடி ஆன் பண்ணும்போது கம்ப்யூட்டர் ஒருமுறை சோதித்து ‘இப்போதைக்குச் சரி’ என்று விட்டுவிடுகிறது. டர்போ ஹோஸில் வெடிப்பு இருந்தால் சமவெளியில் தெரியாது, அடுத்த ஏற்றத்தில் முழு லோடு வரும்போது மறுபடி வரும். கோட் வண்டியின் நினைவில் இருக்கும்போதே, அதைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி லைட்டை அணைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்: கோட் அழிகிறது, கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்.பி.எம்., சூடு என்ன என்று பதிவான விவரமும் அழிகிறது. கண்டுபிடிக்க உதவுவதே அந்த விவரம்தான்.

ஊட்டியில் எந்த வண்டியும் முழுசாக இழுக்காது என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் அது வேறு விஷயம். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் பவரை இழக்கும். கீழே 80 பி.எஸ். (குதிரைத்திறன்) தருவது ஊட்டியில் 62, 64 பி.எஸ். அளவில் நிற்கும். டர்போ வண்டிகளில் இழப்பு குறைவு, ஆனால் மெலிந்த காற்றில் டர்போ அளவுக்கு மீறிச் சுற்றிவிடாமல் கம்ப்யூட்டர் கொஞ்சம் கட்டுப்படுத்தும்.

இந்த இழப்பு படிப்படியாக வரும், லைட் எரியாது, இறங்கினால் தானாகச் சரியாகும். ஒரு நொடியில் போவது, லைட்டோடு போவது, கோவையிலும் தொடர்வது எதுவும் மலையின் வேலை இல்லை. ‘மலைக்கு அப்படித்தான் சார்’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதிலேயே ஓர் எளிய சோதனை இருக்கிறது. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். அது அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்டவேண்டும்: மேட்டுப்பாளையத்தில் 97, 98 கிலோபாஸ்கல், குன்னூரில் 81 முதல் 83, ஊட்டியில் 77 முதல் 79, கொடைக்கானலில் 78 முதல் 80. ஊட்டியில் நின்றுகொண்டு 98 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காற்றுக்கு எரிபொருள் ஊற்றும். வண்டி கறுப்புப் புகையோடு திணறும்.

எந்த ஸ்கேனர் வேண்டும்? கோட்டை எப்படிப் படிப்பது?

ஆன்லைனில் விற்கும் மலிவு புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோட்டை மட்டும் படிக்கும். இன்ஜின் பக்கக் கோளாறுக்கு அது போதும். ட்ராக்‌ஷன், ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் கோட்டுகளுக்கு அந்த யூனிட்டுகளையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ‘ஏ.பி.எஸ்.ஸையும் படிக்குமா’ என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். ஸ்கேனர் மாட்டும் கப்ளர் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் இருக்கும்.

கோட்டின் முதல் எழுத்து பி (P) என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ். சி (C) என்றால் பிரேக், ஸ்டீயரிங் பக்கம். யு (U) என்றால் யூனிட்டுகளுக்கு நடுவே பேச்சு அறுந்திருக்கிறது. பி, சி இரண்டும் இருந்தால் பி கோட்டை முதலில் முடியுங்கள். பல தடவை சி தானாகப் போய்விடும். யு 0100 போன்றவை குவியலாக வந்தால் பேட்டரி வோல்ட்டேஜ், எர்த், எலி கடித்த வயர் என்ற வரிசையில் பாருங்கள்.

கோட் ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வதாலேயே அந்தப் பாகம் போய்விட்டது என்று ஆகாது. பி 0299 டர்போ காற்றழுத்தம் குறைவு என்கிறது. டர்போவை மாற்று என்று சொல்லவில்லை.

பெட்ரோல் வண்டி. எங்கிருந்து தொடங்குவது?

பி 2135, பி 2111, பி 2112 போன்றவை வந்தால் த்ராட்டில் பாடி. பி 2138 வந்தால் ஆக்ஸிலேட்டர் மிதி. இப்போதைய வண்டிகளில் கேபிள் கிடையாது. மிதியில் இரண்டு சென்சார், த்ராட்டிலில் இரண்டு சென்சார். இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும், கணக்கு ஒத்துவராவிட்டால் உடனே லிம்ப் மோடு. பல வண்டிகளில் மிதியை விட்டிருக்கும்போது ஒரு சென்சார் 0.7, 0.8 வோல்ட்டும் மற்றது அதில் பாதியும் காட்டும். மெதுவாக மிதித்தால் இரண்டும் அதே விகிதத்தில் வழுவழுப்பாக ஏறவேண்டும். நடுவில் ஒரு குதி குதித்தால் மிதி அசெம்பிளி தேய்ந்துவிட்டது. அளக்கும்போது மல்டிமீட்டர் ஊசியைக் கப்ளரின் பின்பக்கம் வழியாக நுழையுங்கள். வயரைக் குத்தித் துளைத்தால் மலை ஈரத்தில் அந்தத் துளை வழியே பச்சை பூத்து, ஆறு மாதத்தில் இன்னொரு கோளாறு வரும்.

த்ராட்டில் பாடியின் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால், வட்டத் தகடு மூடும் இடத்தில் ஒரு மெல்லிய கறுப்பு வளையம் பிசினாக ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் வரும். இந்த வளையம்தான் தகட்டைப் பிடித்து வைக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு (கோட்டை ஏற்கெனவே குறித்திருக்கவேண்டும்), த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். மோட்டார் பக்கம் வழியவிடாதீர்கள். கப்ளர் மாட்டியிருக்க, சாவி ஆன் ஆக இருக்க, தகட்டை விரலால் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடையும், விரலும் நசுங்கும். துடைத்த பிறகு ஐடில் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் ஸ்கேனரில் த்ராட்டில் ரீலேர்ன் (தகட்டின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்யவேண்டும்.

பி 0300 முதல் பி 0304 வரை மிஸ்ஸிங். கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது (0 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் இல்லை). 2 ஆம் சிலிண்டர் என்றால் அதன் காயிலை 3க்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட்டும் 3க்கு நகர்ந்தால் காயில். நகராவிட்டால் பிளக், பிறகு இன்ஜெக்டர். இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் மிஸ்ஸிங் வந்தால் வேறு எங்கும் தேடவேண்டாம், பிளக் குழியில் தண்ணீர் நிற்கும்.

கோட்டே இல்லாமல் ஏற்றத்தில் மட்டும் இழுவை செத்துப்போனால் கன்வெர்ட்டர் அடைப்பைச் சோதியுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் பார்த்தால் 3 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருக்கவேண்டும்.

இன்னொன்று, டேங்க். கால் பாகத்துக்கும் கீழே பெட்ரோலை வைத்துக்கொண்டு மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டியின் 36 வளைவுகளிலோ கோத்தகிரி ஏற்றத்திலோ போனால், பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை இழுக்கும். ஒரு நொடி பவர் போய் வரும், லைட்டும் எரியும்.

டீசல் வண்டி. 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

முதலில் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்கள். இழுக்கும்போது ‘புஸ்’ என்ற சத்தமும் பின்னால் கறுப்புப் புகையும் இருந்தால் ஹோஸ் கிழிந்திருக்கிறது, அல்லது கிளாம்பிலிருந்து நழுவியிருக்கிறது. கிழிசல் அடிப்பக்கத்தில்தான் இருக்கும், மேலிருந்து பார்த்தால் நல்லதாகவே தெரியும். கையை உள்ளே விட்டு அடியில் தடவுங்கள் (இன்ஜின் ஆறிய பிறகு). ஆயில் பிசுபிசுப்பு எங்கே திடீரென்று கூடுகிறதோ அங்கேதான் காற்று கசிகிறது.

ஹோஸ் நன்றாக இருந்தால், டர்போவின் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் பென்சில் தடிமனுக்கும் குறைவான வாக்கம் டியூப். சூட்டில் முனை காய்ந்து வெடித்திருக்கும். முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் தற்காலிகமாகச் சரியாகும். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சுவேட்டர் ராடு அசைகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் ‘கேட்ட பூஸ்ட்’, ‘கிடைத்த பூஸ்ட்’ (டர்போ தரவேண்டிய காற்றழுத்தம், தந்த காற்றழுத்தம்) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றாம் கியரில் ஏற்றிப் பாருங்கள், இடைவெளி 0.1 பார் வரை சகஜம், 0.3 பார் தாண்டி அப்படியே நின்றால் கசிவு அல்லது ஆக்சுவேட்டர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டர்போ மேல் கை வைக்கவேண்டும்.

பி 0087 வந்தால் டீசல் ஃபில்டர். ஐடிலில் சுத்தமாக ஓடும், ஏற்றத்தில் மிதித்தால் மூச்சு முட்டும். ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள். அதை மாற்ற வேண்டிய கிலோமீட்டர் கையேட்டில் இருக்கும். எஸ்டேட்டில் கேனிலிருந்து டீசல் ஊற்றி ஓட்டுகிறவர்கள் அந்தக் கணக்கை நம்பவேண்டாம், முன்கூட்டியே மாற்றுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 புகை விதிப்படியான டீசல்களில் டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி சேர்ந்திருக்கிறது. மலைவாசிகளுக்கு இது ஒரு தலைவலி. வடிகட்டியில் சேர்ந்த கரியைத் தானாக எரித்துக்கொள்ள ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு நிற்க 15, 20 நிமிடம் இடைவிடாமல் ஓடவேண்டும். ஊட்டிக்குள்ளேயே சாரிங்கிராஸுக்கும் சந்தைக்கும் போய் வரும் ஓட்டத்தில் இது நடக்காது. இறக்கத்திலும் நடக்காது: இன்ஜின் பிரேக்கில் வரும்போது டீசலே போகாததால் புகைக்குழாய் ஆறிப்போகும். ஏற்றம்தான் இதற்கு மருந்து. டி.பி.எஃப். லைட் எரிந்த உடனேயே, மேட்டுப்பாளையம் இறங்கவேண்டிய வேலை இருந்தால் இறங்கி, திரும்பும்போது ஒரு கியர் குறைத்து 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தாமல் ஏற்றுங்கள். லைட்டைப் பொருட்படுத்தாமல் விட்டால் பி 2463 பதிவாகி லிம்ப் மோடு வரும். அதற்குப் பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் எரிக்கவேண்டும். கரி கணக்கு மீறி ஏறியிருந்தால் அதுவும் முடியாது, கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஏ.பி.எஸ். லைட்டும் சேர்ந்து எரிகிறது, இழுவை நன்றாக இருக்கிறது. வீல் சென்சாரா?

அனேகமாக. லைட் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சாவி போட்டதுமே எரிந்தால் வயர் அறுந்திருக்கிறது அல்லது சென்சார் செத்திருக்கிறது. உருண்டு 15, 20 கிலோமீட்டர் வேகம் வந்தபின் எரிந்தால் வயர் சரி, சிக்னல்தான் சரியில்லை.

ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் திறந்துவைத்து, காலியான நேர்ரோட்டில் 20, 30 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். பார்ப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு. நான்கும் ஒன்றிரண்டு எண்ணுக்குள் சேர்ந்து போகவேண்டும். மெதுவாக நிறுத்தும்போது ஒன்று மட்டும் முன்கூட்டியே பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்தச் சக்கரம்தான்.

கழற்றிப் பார்த்தால் சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வரும் வண்டிகளில் டிஸ்க் தேய்ந்த தூள் இங்கே வந்து சேர்கிறது. துணியால் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். இரண்டு வயர் பழைய வகை சென்சாரை ஓம் மீட்டரில் அளக்கலாம், பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரும். புதிய ஆக்டிவ் வகையை ஓம் மீட்டரில் அளக்காதீர்கள். கப்ளரில் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் சப்ளை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வயர், ஸ்டீயரிங் முழுக்க ஒடிக்கும்போது வளையும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும். வெளித்தோல் நன்றாகவே இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஓடும் வண்டிக்கு இது கொஞ்சம் சீக்கிரமே வரும்.

புது பேரிங் போட்ட மறுநாளே லைட் வந்தால், பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இப்போதைய பேரிங்குகளில் ஒருபக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது, அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கவேண்டும். அழுத்திப் பொருத்தியதைப் பிடுங்கினால் பேரிங் கெட்டுவிடும், இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். யார் செலவு என்பதை ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொள்ளுங்கள்.

பனிக்காலக் காலையில் மட்டும் எல்லா லைட்டும் எரிகிறது. பத்து மணிக்கு மேல் ஒன்றும் இல்லை.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் காந்தல், தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலைகளில் இது சகஜம். இரவு நின்ற பேட்டரியை ஸ்டார்ட் செய்யும் முன் அளந்தால் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கவேண்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5.

பேட்டரி நன்றாக இருந்தும் வந்தால் எர்த் வயர். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளையிலும் (கிளாம்பில் அல்ல), மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை போகட்டும். அரை வோல்ட் என்றால் வழியில் துரு இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். செலவே இல்லாத வேலை.

ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது மட்டும் பவர் வருவதில்லை.

இரண்டு காலாலும் ஓட்டுகிறீர்களா? பின்னால் உருளாமல் இருக்க இடது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பிரேக்தான் முக்கியம் என்று கம்ப்யூட்டர் பவரை வெட்டிவிடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக் கிளம்புங்கள். காலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தால் பிரேக் ஸ்விட்சைப் பாருங்கள்: பின்னால் ஒருவரை நிறுத்தி, மிதிக்காமலே பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். பி 0504, பி 0571 இரண்டும் இதன் கோட்டுகள்.

சீசன் நேரத்து நெரிசலில் ஏற்றத்தில் ஊர்ந்தால் ஏ.எம்.டி. (மேனுவல் கியரையே தானாக மாற்றும் வகை), இரட்டை கிளட்ச் வண்டிகளில் கிளட்ச் சூடாகி பவர் குறையும், சில வண்டிகளில் கருகல் வாடையும் வரும். ஆக்ஸிலேட்டராலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கிப் பிடித்து நிற்காதீர்கள். முன்வண்டி பத்தடி நகர்ந்தபின் ஒரேயடியாகப் போய் நில்லுங்கள். சூடாகிவிட்டால் நியூட்ரலில் 15, 20 நிமிடம் ஆறவிடுவதுதான் வழி.

டயரால் இந்த லைட் வருமா?

வரும். புது டயரின் பட்டன் 8 மில்லிமீட்டர், தேய்ந்ததில் 2 என்றால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். 600 மில்லிமீட்டர் டயரில் அது 2 சதவீதம். அதோடு காற்றும் குறைந்தால் ஒரு சக்கரம் எப்போதும் வேகமாகச் சுற்றுவதாக சிஸ்டம் நினைக்கும். ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சின்ன ஸ்டெப்னி மாட்டி ஓடும்போது லைட் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

‘மேலே போனால் காற்று கூடிவிடும், கொஞ்சம் இறக்கிவிடு’ என்பார்கள். தேவையில்லை. வெளிக்காற்று மெலிவதால் கேஜ் 3 பி.எஸ்.ஐ. ஏறும், குளிரால் ஏறத்தாழ அதே அளவு இறங்கும். மேட்டுப்பாளையத்தில் 32 பிடித்தது ஊட்டியில் கிட்டத்தட்ட 32ஆகவே இருக்கும்.

அலைன்மென்ட் பார்த்த பிறகு, அல்லது பேட்டரி மாற்றிய பிறகு வந்தது.

ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் தன் நடுவை மறந்திருக்கும். ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை ஒருமுறை திருப்பி, நேர்ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அணையாவிட்டால் ஸ்கேனரில் கேலிப்ரேட் செய்யவேண்டும்.

சேற்றில் மாட்டிக்கொண்டால் ட்ராக்‌ஷனை ஆஃப் செய்யலாமா?

செய்யலாம், அதற்காகத்தான் பட்டன். சக்கரம் சுழன்றால்தான் சேற்றிலிருந்து வெளியே வரமுடியும், சிஸ்டம் அதை விடாது. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.

இந்த லைட் எரிய எரிய மலை இறங்கலாமா?

ட்ராக்‌ஷன் லைட் மட்டும் என்றால் இறங்கலாம், சாதாரண பிரேக் அப்படியே இருக்கிறது. ஏ.பி.எஸ். லைட்டும் எரிந்தால் ஈர ரோட்டில் அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும்; இரண்டாம் கியரில், இடைவெளி விட்டு, பகலில் இறங்குங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டபிறகும் சிவப்பு பிரேக் லைட் எரிந்தால் இறங்கக்கூடாது, பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது முன் பின் பிரேக் பங்கீடு போயிருக்கலாம்.

மேனுவல் கியர் வண்டி லிம்ப் மோடில் இருந்தாலும் இன்ஜின் பிரேக் கிடைக்கும். ஆட்டோமேட்டிக்கில் லிம்ப் மோடு வந்து கியர்பாக்ஸ் மூன்றிலோ நான்கிலோ மாட்டிக்கொண்டால் இறங்கவே வேண்டாம். கீழ் கியர் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும், பாதி வழியில் பிரேக் பிடிக்காமல் போகும். டோ வண்டி கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்லவேண்டும்?

‘லைட் எரியுது, இழுக்கலை’ என்றால் போதாது. எந்தெந்த லைட் சேர்ந்து எரிந்தன (படத்தைக் காட்டுங்கள்), எந்தக் கியர், எத்தனை ஆர்.பி.எம்., ஏற்றமா இறக்கமா, மழையா, டேங்கில் எவ்வளவு, அதற்கு முன் ஒரு வாரத்தில் என்ன வேலை பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் காரணம் அடிக்கடி ஒளிந்திருக்கும். கோட்டை அழிக்கும் முன் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் ஒர்க்‌ஷாப் வாசலில் லைட் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். ஸ்கேனர் அழித்தால் எந்த லைட்டும் அணையும். கோளாறு வந்த அதே ஏற்றத்தில், அதே கியரில், மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஏற்றிவிட்டு வந்து, மறுபடி ஸ்கேனர் மாட்டி, பென்டிங் கோட் (லைட் எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத கோட்) ஏதும் நிற்கிறதா என்று பார்த்தபின் பில்லை வாங்குங்கள்.